ஆறாம் இடத்தில் யார்?

1904ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி. அமெரிக்காவின் சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற இளம் பயிற்சி மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம். கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த 20 வயது மாணவருடைய இரத்தம் அது. அவருக்கு இருமல், காய்ச்சல், தலைசுற்றல். காலில் ஆறிய புண்களும் ஆறாத புண்களும்.

இரத்தச் சிவப்பணு எப்படி இருக்கும் என்று பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். வட்டமாக இருக்கும், நடுவில் இரண்டு பக்கமும் சற்றுக் குழிந்திருக்கும். அயர்ன்ஸ் பார்த்த தகட்டிலும் அப்படிப்பட்டவை இருந்தன. ஆனால் இடையிடையே நீண்டு, மெலிந்து, வளைந்த அணுக்களும் கிடந்தன. அதைக் குறித்துக்கொண்டு தன் மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். ஹெரிக் நிதானமான மனிதர். அவசரப்பட்டு எதையும் அறிவிக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1910இல்தான் கட்டுரை வெளியிட்டார். கதிர் அறுக்கும் அரிவாளின் வடிவம் என்று அந்த அணுக்களை வர்ணித்தார். ஏன் அப்படி வளைகின்றன என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் கிடைக்க மேலும் 47 ஆண்டுகள் ஆயின. கிடைத்த பதில் எவ்வளவு சின்னது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அங்கே போவதற்கு முன்னால், சிவப்பணு என்னதான் வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெரிய சொட்டாக ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 25 கோடி சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொரு ஹீமோகுளோபினும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். ஆக, ஒரே ஒரு சிவப்பணு நுரையீரலிலிருந்து கிளம்பும்போது 100 கோடிக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏற்றிக்கொண்டு போகிறது.

போகிற வழி லேசானதல்ல. சிவப்பணுவின் அகலம் ஏழு, எட்டு மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர். மெல்லிய இரத்தத் தந்துகிகள் பல, சிவப்பணுவைவிடக் குறுகலானவை. அதனால் அணு தன் உடலை மடித்து, நெளித்து, ஒவ்வொன்றாக நுழைந்து போக வேண்டும். இப்படி 120 நாள் உழைத்துவிட்டுத்தான் அது அழிகிறது. இந்த நெளிகிற குணத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிரெனடா மாணவரின் அணுக்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எதற்காக? "உயிர் வாழ" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பதில் சொன்ன மாதிரி இல்லை. ஆக்சிஜன் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது?

நீங்கள் சாப்பிட்ட இட்லியோ சோறோ குடலில் குளுக்கோஸாக மாறி, இரத்தம் வழியாகச் செல்லுக்குள் வந்து சேர்கிறது. அங்கே குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடைகிறது. இந்த முதல் கட்டத்துக்கு ஆக்சிஜனே வேண்டாம். ஆனால் இதில் கிடைக்கும் லாபம் குறைவு, இரண்டே ஏ.டி.பி. மூலக்கூறுகள். ஏ.டி.பி. என்பது செல் எந்த வேலைக்கும் செலவழிக்கக்கூடிய ஆற்றல். தசை சுருங்க, நரம்பு செய்தி அனுப்ப, புரதம் கட்ட எல்லாவற்றுக்கும் அதுதான்.

உடைந்த துண்டுகள் அடுத்து மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் உள்ளுறுப்புக்குள் போகின்றன. அங்கே அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் வரிசையாகப் பதிந்திருக்கும் புரதங்கள் அந்த எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றுகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் ஆற்றல் வெளிப்படும். அந்த ஆற்றலைக் கொண்டு ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு சேர்ந்துவிட்ட அயனிகள் திரும்பி வரத் துடிக்கும். அவை திரும்ப ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலே ஒரு புரதம், ஏ.டி.பி. சின்தேஸ் என்று பெயர். அயனிகள் அதன் வழியே பாயும்போது அது சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகிறது.

சுழல்கிறது என்றால் நிஜமாகவே சுழல்கிறது! இதைச் சிலர் நம்பவில்லை. 1997இல் ஜப்பானில் ஹிரோயுகி நோஜி என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தப் புரதத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை இணைத்தார்கள். ஏ.டி.பி.யை ஊற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அந்த இழை ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தது. ஏ.டி.பி.யைக் கொடுத்தால் இயந்திரம் பின்னோக்கி ஓடும், அதைத்தான் அவர்கள் படம்பிடித்தார்கள். ஒரே ஒரு மூலக்கூறு சுழல்வதை மனிதக் கண் பார்த்த தருணம் அது.

இன்னும் ஆக்சிஜன் வரவில்லையே என்கிறீர்களா? இதோ, வரிசையின் கடைசியில் நிற்கிறது. கைமாறிக் கைமாறிக் களைத்து வரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. எலக்ட்ரானோடு ஹைட்ரஜனும் சேர, ஆக்சிஜன் தண்ணீராகிறது. கடைசி ஆள் வாங்காவிட்டால் முன்னால் நிற்கும் எல்லோருடைய கையும் நிறைந்துபோய் வரிசை அப்படியே நின்றுவிடும். அயனி தள்ளப்படாது, இயந்திரம் சுழலாது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், பெரியவர்களும்கூட. இல்லை. மூச்சில் இழுத்த ஆக்சிஜன் தண்ணீராகிறது. வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், உணவிலிருந்தும் செல்லில் ஏற்கெனவே இருந்த தண்ணீரிலிருந்தும் வந்தது. அடுத்த முறை அறிவியல் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

ஒரு குளுக்கோஸிலிருந்து, எல்லாம் முடியும்போது, 30 அல்லது 32 ஏ.டி.பி. தேறுகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெறும் இரண்டு. இந்தக் கணக்குக்காகத்தான் இத்தனை கோடிச் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதிலும் ஒரு வேடிக்கை. ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணு, அதில் ஒரு துளிகூடத் தனக்கு எடுத்துக்கொள்வதில்லை. அதற்குள் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. அந்த இரண்டே ஏ.டி.பி.யில்தான் அதன் காலம் ஓடுகிறது.

மைட்டோகாண்ட்ரியா மட்டுமல்ல, உட்கருவும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு இருக்கும். டி.என்.ஏ.வைப் பார்த்துத் தேவையான ஹீமோகுளோபினை எல்லாம் தயாரித்து அடைத்துக்கொண்ட பிறகு, உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் அணு இரத்தத்துக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகு புதிதாக எதையும் செய்துகொள்ள முடியாது. கொண்டுவந்த சரக்கு நல்லதோ கெட்டதோ, அதோடுதான் ஆயுள் முழுக்கவும்.

ஹீமோகுளோபின் ஒரு புரதம் என்று தெரியும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. உடல் பயன்படுத்துவது 20 வகை அமினோ அமிலங்களைத்தான். எது முதலில், எது இரண்டாவது என்ற வரிசைதான் ஒரு புரதத்தை இன்னொன்றிலிருந்து வேறாக்குகிறது. சங்கிலி நீட்டிக்கொண்டே கிடக்காது. தானாக மடிந்து, சுருண்டு, தனக்கே உரிய வடிவத்துக்கு வந்துவிடும். வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடிய முடியும், எதில் முடியாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன். 1963இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட அந்த வரைபடத்தை, ஒரு புரதத்தின் வடிவம் சரிதானா என்று சோதிக்க உலகம் முழுக்க இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்றே அதற்குப் பெயர்.

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. மொத்தம் 574. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கும். ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வது அதில்தான். ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் நான்கு சங்கிலிகளும் கொஞ்சம் இடம் மாறி உட்காரும். அப்போது மூலக்கூறின் வடிவமே சற்று மாறும். கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 1937இல் ஹீமோகுளோபினின் வடிவத்தைத் தேடத் தொடங்கி, 20 ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே கிடந்து கண்டுபிடித்தார். 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி கிரெனடா மாணவரின் இரத்தத்துக்கு வரலாம்.

1927இல் அமெரிக்காவில் ஹான், கில்லெஸ்பி என்ற இருவர் இதே அரிவாள் அணு நோய் உள்ளவர்களின் இரத்தத்தைச் சின்ன அறை ஒன்றில் வைத்து, உள்ளே இருக்கும் வாயுவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆக்சிஜனை எடுத்துவிட்டால் அணுக்கள் அரிவாளாக வளைந்தன. ஆக்சிஜனைத் திரும்பக் கொடுத்தால் மறுபடி வட்டமாயின. அப்படியானால் கோளாறு அணுவின் மேல்தோலில் இல்லை, ஆக்சிஜனோடு தொடர்புள்ள ஏதோ ஒன்றில் இருக்கிறது. இவ்வளவு தெளிவான சாட்சி கிடைத்தும், அடுத்த 18 ஆண்டுகள் யாரும் ஹீமோகுளோபினைக் கூண்டில் ஏற்றவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

1945இல் வில்லியம் காஸில் என்ற மருத்துவர் பேச்சுவாக்கில் இந்த நோயைப் பற்றிச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர் லைனஸ் பாலிங். வேதியியலில் பெரிய ஆள். உடனே அவருக்குப் பொறி தட்டியது: ஆக்சிஜன் போனால் வளைகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது ஹீமோகுளோபினைத்தான்! ஆனால் அதை நிரூபிக்க ஆள் வேண்டுமே. ஹார்வி இட்டானோ என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறியவர், பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. போர்க் காலம் என்பதால் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. இட்டானோவும் அப்போது முகாமில்தான் இருந்தார்.

இட்டானோவும் கூட்டாளிகளும் செய்தது இது: நல்ல ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். மின்னேற்றம் உள்ள மூலக்கூறுகள் நகரும், ஏற்றம் வேறாக இருந்தால் நகரும் வேகமும் வேறாகும். இரண்டும் வெவ்வேறு விதமாக நகர்ந்தன. நோயாளிகளின் பெற்றோர் சிலருடைய இரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தது. 1949இல் கட்டுரை வந்தது. ஒரு நோயின் காரணம் கிருமியோ சத்துக் குறைவோ அல்ல, ஒரு மூலக்கூறின் அமைப்பில் உள்ள வேறுபாடு என்று முதல்முறையாகக் காட்டியது அந்தக் கட்டுரைதான்.

வேறுபாடு இருக்கிறது, சரி. எங்கே இருக்கிறது? 574 இடங்களில் எந்த இடத்தில்?

இதைக் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்கிராம். கேம்பிரிட்ஜில் பெரூட்ஸ் இருந்த அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு புரதத்தின் வரிசையை முழுக்கப் படிப்பது அந்தக் காலத்தில் பல வருட வேலை. ஃப்ரெடெரிக் சாங்கர் 51 அமினோ அமிலங்களே உள்ள இன்சுலினைப் படிக்கப் பத்தாண்டு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இங்கிராம் குறுக்கு வழி ஒன்றை யோசித்தார். எல்லாவற்றையும் எதற்குப் படிக்க வேண்டும்? இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று தெரிந்தால் போதுமே!

நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி இருக்கிறது. கண்ட இடத்தில் அது வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். அதனால் ஒரே புரதத்தை எத்தனை தடவை வெட்டினாலும் அதே துண்டுகள்தான் கிடைக்கும். இங்கிராம் இரண்டு ஹீமோகுளோபினையும் டிரிப்சினால் தனித்தனியாக வெட்டினார். கிடைத்த துண்டுகளின் கரைசலை ஒரு பெரிய தாளின் ஓரத்தில் சொட்டாக வைத்து மின்சாரம் செலுத்தினார். துண்டுகள் ஏற்றத்துக்குத் தக்கபடி பக்கவாட்டில் பிரிந்தன. பிறகு தாளைத் திருப்பி அதன் விளிம்பைத் திரவத்தில் நனைத்தார். திரவம் தாளில் ஊறி ஏற ஏற, துண்டுகள் கரைதிறனுக்குத் தக்கபடி மேலும் கீழுமாகப் பிரிந்தன. தாளை உலர்த்தி நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினார். தாளெங்கும் ஊதாப் பொட்டுகள் பூத்தன, ஏறக்குறைய 30. காவல்துறையினர் காகிதத்தில் கைரேகை எடுக்கவும் இதே நின்ஹைட்ரினைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கிராமும் தன் முறைக்குக் கைரேகை முறை என்றே பெயர் வைத்தார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொட்டுக்குப் பொட்டு ஒரே மாதிரி இருந்தன. ஒன்றே ஒன்றைத் தவிர. ஒரே ஒரு பொட்டு மட்டும் தன் இடத்தைவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பொட்டை வெட்டியெடுத்துப் படித்தால் போதும். எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு அது, பீட்டா சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பது. ஆறாம் இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம். நோயாளியின் சங்கிலியில் அங்கே வாலைன் இருந்தது. மற்ற ஏழும் அப்படியே.

146 இல் ஒன்று. பீட்டா சங்கிலி இரண்டு என்பதால் 574 இல் இரண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். 1957இல் இங்கிராம் இதை வெளியிட்டார்.

ஒன்று மாறினால் இவ்வளவு ஆகுமா? இரண்டு அமினோ அமிலங்களின் குணத்தையும் பாருங்கள். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின் ஏற்றம் உண்டு, தண்ணீரோடு நன்றாகப் பழகும். வாலைனுக்கு ஏற்றம் கிடையாது, தண்ணீரைக் கண்டால் ஆகாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள், விட்டால் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீரிடமிருந்து ஒதுங்கத்தான் அவை சேர்கின்றன. வாலைனும் அப்படி ஒதுங்க இடம் தேடுகிறது. ஹீமோகுளோபினின் வெளிப்பக்கத்தில், தண்ணீருக்கு நேரெதிரே அல்லவா அது மாட்டிக்கொண்டிருக்கிறது!

ஆக்சிஜன் இறங்கும்போது மூலக்கூறின் வடிவம் மாறும் என்றேனே, அப்போது பக்கத்து ஹீமோகுளோபினின் மேல் ஒரு சிறு பள்ளம் திறக்கிறது. வாலைன் நேராகப் போய் அதில் பொருந்திக்கொள்கிறது. அந்த மூலக்கூறின் வாலைன் அடுத்ததன் பள்ளத்தில் பொருந்தும், அதன் வாலைன் அதற்கடுத்ததில். இப்படியே தொடர்ந்து நீளமான இழை ஒன்று உருவாகிறது. 14 சரங்கள் முறுக்கிக்கொண்ட விறைப்பான இழை. இழைகள் அணுவுக்குள் நீள நீள, மெல்லிய சவ்வு இழுபட்டு, வட்டமாக இருந்த அணு அரிவாளாகிறது.

விறைத்துப்போன அணு தந்துகியில் நெளிந்து நுழையாது. அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்துக்கு அப்பால் ஆக்சிஜன் போகாது, மைட்டோகாண்ட்ரியாவில் வரிசை நின்றுபோகும், கையிலோ காலிலோ மார்பிலோ தாங்க முடியாத வலி எடுக்கும். அடைபட்ட இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறைவதால் இன்னும் பல அணுக்கள் வளையும். வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து சவ்வு நைந்துபோய், 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளிலேயே அழிகிறது. அதனால்தான் சோகை. கிரெனடா மாணவரின் தலைசுற்றல், கால் புண் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது அந்த ஆறாம் இடம்.

இனி டி.என்.ஏ.வுக்குப் போகலாம். எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் என்ற கட்டளை அங்கேதான் எழுதியிருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். எந்த மூன்று எதைக் குறிக்கிறது என்ற அகராதியை 1960களில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968இல் நோபல் பரிசு பெற்றார்.

ஜி-ஏ-ஜி என்றால் குளுட்டாமிக் அமிலம். ஜி-டி-ஜி என்றால் வாலைன். நடுவில் உள்ள ஏ, டி ஆகிவிட்டது. மனித டி.என்.ஏ.வில் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன, அதில் ஓர் எழுத்து. இதுதான் சடுதி மாற்றம். சினிமாவில் சடுதி மாற்றம் என்றால் ஒருவனுக்குக் கையிலிருந்து இரும்பு நகம் முளைக்கும், இன்னொருத்தி புயலைக் கிளப்புவாள். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் நிஜத்தில் நடப்பது இப்படித்தான், டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது எழுத்து ஒன்று மாறிப்போவது. செல் தன் நகலைத் தானே சரிபார்க்கிறது. அப்படியும் சில தப்பிவிடும். உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் இல்லாத புது எழுத்து மாற்றங்கள் உங்களிடம் ஏறக்குறைய 60, 70 இருக்கும். எனக்கும் அப்படித்தான். பெரும்பாலானவை எந்த வம்புக்கும் போகாமல் சும்மா இருக்கின்றன.

அந்த ஆறாம் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி-ஏ-ஜி என்பது ஜி-ஏ-ஏ ஆகியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, ஏனென்றால் அதுவும் குளுட்டாமிக் அமிலத்தையே குறிக்கும். ஏ-ஏ-ஜி ஆகியிருந்தால் லைசின் வரும். இது கற்பனையில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பலருக்கு இந்த மாற்றம் உண்டு. அவர்களுக்கு அரிவாள் அணு நோயைவிட மிக லேசான தொல்லைதான். அதே இடம், அதே மூன்றெழுத்து. எந்த எழுத்து எதுவாக மாறியது என்பதில் இருக்கிறது எல்லாம்.

இன்னொரு புதிர் பாக்கி இருக்கிறது. நம் எல்லோருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் மாறியிருந்தால்தான் நோய் முழுதாக வரும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அவர்களைத் தாங்கிகள் என்போம். தாய், தந்தை இருவரும் தாங்கிகள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் காலத்தில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகள் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அப்படியென்றால் அந்த மரபணு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து, காணாமல் போயிருக்க வேண்டுமே? ஏன் போகவில்லை?

கென்யாவில் வளர்ந்த ஆன்டனி ஆலிசன் என்ற மருத்துவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். கென்யாவின் கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் தாங்கிகள் நிறையப் பேர் இருந்தார்கள். குளிர்ந்த மேட்டு நிலங்களில் மிகக் குறைவு. கொசு நிறைந்த இடங்கள் எவை, இல்லாத இடங்கள் எவை என்று யோசித்தால் உங்களுக்கே விடை தெரியும். மலேரியா! மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகும். தாங்கிகளின் சிவப்பணுவில் அதனால் சரியாகப் பெருக முடிவதில்லை. அதனால் தாங்கிக் குழந்தைகள் கடும் மலேரியாவுக்குத் தப்பிப் பிழைத்தார்கள். 1954இல் ஆலிசன் இதை வெளியிட்டார். மலேரியா இல்லாத சிகாகோவில் அதே எழுத்துமாற்றம் சுமை மட்டும்தான். விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு பிரதி மட்டும் இருந்தால் அது கவசம். நல்ல சடுதி மாற்றம், கெட்ட சடுதி மாற்றம் என்று ஊர் பேர் சொல்லாமல் பிரிக்கவே முடியாது என்பது என் கட்சி.

நம் பக்கத்திலும் இந்த மரபணு உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரி மலைப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அதுவரை இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். பிறகு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத், ஒடிசா, கேரளத்தின் வயநாடு என்று பல இடங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியா பல காலம் வாட்டிய காட்டுப் பகுதிகள் இவற்றில் பல. 2023 ஜூலையில் இந்திய அரசு, மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் என்ற ஊரில் இந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏழு கோடிப் பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்வது திட்டத்தின் ஒரு பகுதி.

சிகிச்சை? அதற்கான துப்பு குழந்தைகளிடம் இருந்தது. இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. காரணம், தாயின் வயிற்றில் இருக்கும்போது நாம் எல்லோரும் வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறோம். கருவின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி கிடையாது, அதற்குப் பதில் காமா சங்கிலி. பிறந்த பிறகு காமா மரபணு மெல்ல மெல்ல அடங்கி, பீட்டா மரபணு வேலையை ஏற்றுக்கொள்கிறது. பீட்டாவில்தானே கோளாறு! தூங்கப்போன காமாவை மறுபடி எழுப்பிவிட்டால்? ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை ஓரளவு இதைத்தான் செய்கிறது. இந்தியாவில் பலர் அதைச் சாப்பிட்டு வருகிறார்கள்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் புதிய சிகிச்சை ஒன்றை அனுமதித்தன. நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்ற மூலக்கூறு கத்தரிக்கோலால் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தை வெட்டி, காமாவைத் தூங்கவைக்கும் கட்டளையைக் கெடுத்துவிட்டு, செல்களைத் திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். கவனித்தீர்களா, ஆறாம் இடத்தை யாரும் தொடவே இல்லை. அனுமதி கிடைத்தபோது அதன் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். நீலகிரியில் ஒரு குடும்பத்துக்கு இப்போதைக்கு இது எட்டாத தொலைவு.

எட்டக்கூடியது பரிசோதனை. சிறிய சோதனைக் குழாயில் ஒரு கரைசல் இருக்கும். விரலில் குத்தி எடுத்த துளி இரத்தத்தை அதில் விடுவார்கள். கரைசலில் உள்ள வேதிப்பொருள் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். நல்ல ஹீமோகுளோபின் மட்டும் இருந்தால் கரைசல் தெளிவாக இருக்கும், கோடுகள் தெரியும். ஆறாம் இடத்தில் வாலைன் உள்ள ஹீமோகுளோபின் இருந்தால் அது கரையாமல் திரண்டுவிடும், கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்துபோகும். கோடு மறைந்தால் நோயாளியா, தாங்கியா என்பது இதில் தெரியாது. அதற்கு அந்த இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இட்டானோ செய்ததைப் போல மின்சாரம் செலுத்திப் பிரிப்பது அதற்கு இன்றும் உள்ள வழிகளில் ஒன்று.